டிகிரி கையில் இருக்கிறது, பணம் எப்போது வரும்?

விபத்து இழப்பீடு கட்டாததால் அரசுப் பஸ் ஜப்தி என்ற செய்தி பேப்பரில் அடிக்கடி வரும். பயணிகளை இறக்கிவிட்டு, முன் கண்ணாடியில் நோட்டீஸ் ஒட்டி, கோர்ட் வளாகத்துக்குப் பஸ்ஸைக் கொண்டுபோய் நிறுத்துவார் கோர்ட் ஊழியரான அமீனா. புரோநோட்டில் கடன் கொடுத்து, ஏமாந்து, கேஸ் போட்டு ஜெயித்தவருக்கும் வழி ஏறக்குறைய இதுதான். ஆனால் அவர் கேட்டால்தான் அமீனா கிளம்புவார். தீர்ப்பு சொல்லி, அதற்கான உத்தரவான டிகிரியைக் கொடுத்ததோடு கோர்ட்டின் வேலை முடிந்தது. வசூலுக்குத் தனியாக ஈ.பி., அதாவது நிறைவேற்றல் மனு போட வேண்டும்.

அதற்கு டிகிரி தேதியிலிருந்து 12 வருடம் அவகாசம் உண்டு. அதற்காக ஆறப்போட வேண்டாம். 2 வருடம் தாண்டினால் எதிராளிக்கு முதலில் நோட்டீஸ் போக வேண்டும். சொத்தைக் கைமாற்றிவிட நினைப்பவருக்கு அது நாமே மணியடித்துச் சொல்வது போலத்தான்.

மனுவில் எதை ஜப்தி செய்ய வேண்டும் என்று நாம்தான் எழுத வேண்டும்: வீடா, நிலமா, வங்கிக் கணக்கா, சம்பளமா என்று. கோர்ட் தானாகத் தேடிக் கண்டுபிடிக்காது. எதுவுமே தெரியாவிட்டால், சிவில் நடைமுறைச் சட்டம் 21-ஆம் ஆணை, 41-ஆம் விதிப்படி, கடனாளியே தன் சொத்து விவரத்தைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய உத்தரவு கேட்கலாம். உத்தரவை மீறினால் 3 மாதம் வரை சிவில் சிறை. எடுத்த எடுப்பில் கைது மனு போடுவதைவிட இது எவ்வளவோ மேல். ஏனோ பலரும் இந்தப் பக்கமே வருவதில்லை.

சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயையும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொட முடியாது. 31,000 ரூபாய் வாங்குகிறவரிடம் மாதம் 10,000 வரை பிடிக்கலாம். அதுவும் ஒரே டிகிரிக்கு மொத்தம் 24 மாதம்தான். ஜீவனாம்சத்துக்கு இந்தக் கணக்கு வேறு. சமையல் பாத்திரம், படுக்கை, உடுதுணி, தாலி, தொழிலாளியின் கருவிகள், பி.எஃப். பணம், அரசு பென்ஷன் எதிலும் கை வைக்க முடியாது. விவசாயி குடியிருக்கும் வீட்டுக்கும் உழவு மாட்டுக்கும் அதே பாதுகாப்பு.

அப்புறம் கைது. பணம் இருந்தும் கட்டாதவர், ஓடி ஒளியப் பார்ப்பவர், சொத்தை மறைத்தவர் போன்றவர்களுக்குத்தான் அது. கையில் இல்லாதவரை உள்ளே தள்ள முடியாது என்று 1980-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பணத்துக்கான டிகிரியில் பெண்களைக் கைது செய்யவே முடியாது. பாக்கி 5,000 ரூபாய்க்கு மேல் இருந்தால் அதிகபட்சம் 3 மாதம். உள்ளே இருப்பவரின் சாப்பாட்டுச் செலவுக்கு, அதாவது பேட்டாவுக்கு, கடன் கொடுத்தவர்தான் பணம் கட்ட வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. சிறையிலிருந்து வந்த பிறகும் கடன் அப்படியே நிற்கும். ஆனால் அதே டிகிரிக்கு மறுபடி கைது கிடையாது.

வீடு ஏலத்துக்குப் போனால், எடுப்பவர் அங்கேயே 25 சதவீதமும் 15 நாளில் மீதியும் கட்ட வேண்டும். ஏலம் முடிந்த 60 நாளுக்குள் ஏல அறிவிப்பில் கண்ட பாக்கியையும், ஏலத் தொகையில் 5 சதவீதத்தையும் கட்டி மனு போட்டால் கடனாளி வீட்டைக் காப்பாற்றிக்கொள்ளலாம்.

ஈ.பி.யை 6 மாதத்தில் முடிக்க வேண்டும் என்று 2021-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 அக்டோபரில் அதே நீதிமன்றத்துக்கு வந்த கணக்குப்படி நாடெங்கும் நிலுவையில் இருந்தவை 8.82 லட்சத்துக்கு மேல்.

கடன் கட்ட வேண்டியவருக்கும் ஒன்று. பெரியவர்களை வைத்துப் பேசி வெளியில் பணம் கொடுத்தால், ரசீதை வீட்டில் வைத்திருந்து பயனில்லை. 30 நாளுக்குள் கோர்ட்டில் மனு போட்டுப் பதிவு செய்ய வேண்டும். பதிவாகாத பணத்தை ஈ.பி. கோர்ட் கணக்கில் எடுக்காது. அதே தொகைக்கு மறுபடி அமீனா வரலாம். நேராகக் கோர்ட்டிலேயே கட்டிவிட்டு, எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் அனுப்பிவிடுங்கள்.