மாதக் கடைசியில் யாரை ஓட்டலாம்?

மாதத்தின் முதல் வாரத்தில் “மச்சி, சாப்பிட்டியா?” என்று கேட்கும் அதே ஆள், 27-ஆம் தேதி வாக்கில் பக்கத்து மேஜையில் போன் அடித்தால்கூட யார் கூப்பிடுகிறார்கள் என்று எட்டிப் பார்க்கிறார். கார் ஷோரூமில் ஒரு மாதம் வேலை பார்த்தவர்களுக்கே இது தெரியும். நான் விற்பனைக் குழுக்களுக்கு மனநல ஆலோசனை சொல்கிறவள். கார், பைக், ஃப்ரிட்ஜ், டிவி விற்கும் இடங்களுக்குத்தான் அதிகம் போகிறேன். அங்கே சக ஊழியர் சண்டை என்று என்னிடம் வருவதில் பாதிக்கு மேல் ஆரம்பிப்பது ஒரே வாக்கியத்தில்தான்: “சும்மா ஜோக்குக்குத்தான் மேடம் சொன்னேன், அவன் இப்படி எடுத்துக்குவான்னு நினைக்கல.”

அவன் ஏன் அப்படி எடுத்துக்கொண்டான் என்பதற்குப் பதில் அவன் குணத்தில் இருப்பதைவிட இன்சென்டிவ் கணக்கில்தான், அதாவது மாத விற்பனைக்கு ஏற்பக் கிடைக்கும் ஊக்கத்தொகையில்தான், அதிகம் இருக்கிறது. உதாரணத்துக்கு ஒரு ஷோரூமில் ஐந்து வண்டி வரை வண்டிக்கு 500 ரூபாய், ஆறாவது வண்டியைத் தொட்டுவிட்டால் எல்லா வண்டிக்கும் 1,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து விற்றவருக்கு 2,500, ஆறு விற்றவருக்கு 6,000. ஆக அந்த ஆறாவது வண்டியின் விலை 3,500 ரூபாய். அது வீட்டு வாடகையில் ஒரு பங்கு, இல்லையென்றால் பிள்ளையின் ஸ்கூல் வேன் கட்டணம். ஐந்தில் நிற்கிற ஆளிடம் போய் “என்னப்பா, வண்டி ஓடலையா?” என்று கேட்டால் அவருக்கு அது ஜோக்காகக் கேட்காது. கேட்டவருக்கு இந்த மாதம் எட்டு வண்டி என்றால் சுத்தம்.

இப்படிப்பட்ட இடத்தில் நகைச்சுவையே வேண்டாம், எல்லாரும் வாயை மூடிக்கொண்டு வேலையைப் பாருங்கள் என்று சொல்கிற மேலாளர்களைப் பார்த்திருக்கிறேன். அது நடக்காது. ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் நின்றுகொண்டு, முகம் தெரியாத மனிதர்களிடம் சிரித்துச் சிரித்துப் பேசி, பாதிப் பேர் “வீட்ல கேட்டுட்டுச் சொல்றேன்” என்று போவதைப் பார்க்கிறவர்கள் தங்களுக்குள் சிரிக்காமல் எப்படி இருப்பார்கள்? சரி, அந்தச் சிரிப்பு யார் செலவில் என்பதுதான் விஷயம்.

ஒரு ஷோரூமில் நடந்ததைச் சொல்கிறேன், ஆட்களின் அடையாளத்தை மாற்றியிருக்கிறேன். சனிக்கிழமை ஒரு வாடிக்கையாளர் குடும்பத்தோடு வந்தார். விற்பனைப் பையன்கள் இரண்டு பேரில் முதல் பையன் அவர்களை உட்காரவைத்து, ஜூஸ் கொடுத்து, டெஸ்ட் டிரைவ் கூட்டிப்போய், பின் சீட்டில் பாட்டிக்குக் கால் வைக்க இடம் இருக்கிறதா என்பது வரை காட்டி, சிஸ்டத்தில் என்கொயரியைத் தன் பெயரில் ஏற்றி வைத்தான். செவ்வாய்க்கிழமை அவர் திரும்பி வந்த நேரம் பார்த்து இவன் யார்டில் ஒரு டெலிவரியில் இருந்தான், டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டு. இரண்டாவது பையன் புக்கிங் போட்டு அட்வான்ஸ் வாங்கிவிட்டான். இவன் உள்ளே வந்து கேட்டதும் அவன் சொன்ன பதில்: “கோலம் நீ போட்ட, பொங்கல் நான் வச்சேன். ரெண்டும் வேணும்ல?”

கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். முதல் பையன் ஒன்றும் பேசவில்லை. அரை மணி நேரம் கழித்து வாட்ஸ்அப் குழுவில் கழுகு ஸ்டிக்கர் ஒன்றைப் போட்டான். சாயங்காலத்துக்குள் இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு கோஷ்டி சேர்த்துவிட்டார்கள். மறுநாள் காலை மீட்டிங்கில் குரல் உயர்ந்து, ஒருவன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். அப்போதுதான் லோன் டெஸ்க்கில் இருக்கும் அக்கா, ஃபைலில் இருந்து தலையைக்கூட நிமிர்த்தாமல் சொன்னார்: “ஏம்ப்பா, ஒரே மாப்பிள்ளைக்குப் பொண்ணு கொடுக்க ரெண்டு பேரும் அடிச்சுக்கிறீங்க. மாப்பிள்ளைக்கு இன்னும் சிபில் ஸ்கோரே வரல.”

முதலில் சிரித்தது நாற்காலியைத் தள்ளியவன்தான்.

இந்த ஜோக் ஏன் வேலை செய்தது என்று நான் அந்தக் குழுவோடு பிறகு உட்கார்ந்து பேசினேன். அக்காவுக்கு அந்தப் போட்டியில் பங்கில்லை, வண்டி யார் கணக்கில் ஏறினாலும் அவருக்கு ஒரே சம்பளம். ஜோக் இரண்டு பேரில் யாரையும் சின்னவனாக்கவில்லை, இரண்டு பேரும் ஒரே அளவு முட்டாளாகத் தெரிந்தார்கள், அதனால் ஒருவன் தோற்று ஒருவன் ஜெயித்ததாக ஆகவில்லை. எல்லாவற்றையும்விட முக்கியம், அதில் ஒரு உண்மைத் தகவல் இருந்தது. புக்கிங் மட்டும் ஆனால் பெரும்பாலான இடங்களில் இன்சென்டிவ் கிடையாது, வண்டி பில் ஆக வேண்டும். சிபில் ஸ்கோர், அதாவது கடன் கொடுக்க வங்கி பார்க்கும் மதிப்பெண், வரவில்லை என்றால் லோன் இல்லை, லோன் இல்லை என்றால் பில் இல்லை, பில் இல்லை என்றால் இல்லாத 3,500 ரூபாய்க்குத்தான் இந்த ரகளை. இதையே ஒரு மேலாளர் அறிவுரையாகச் சொல்லியிருந்தால் இரண்டு பேரும் அவர் மீது பாய்ந்திருப்பார்கள்.

ஆனால் அந்த ஜோக் வாங்கிக் கொடுத்தது ஒரு டீ குடிக்கிற நேரம்தான். பிரச்சினை அப்படியே இருந்தது. அந்த லோன் அப்புறம் சேங்ஷன் ஆனதும் மறுபடி கணக்கு யாருக்கு என்ற கேள்வி வரத்தான் செய்தது. சிரித்தாகிவிட்டது, விட்டுவிடுவோம் என்று நினைக்கிற குழுக்கள் இங்கேதான் கோட்டை விடுகின்றன. அங்கே சேல்ஸ் மேனேஜர் புத்திசாலி. அன்றே ஒரு விதி எழுதிப் போட்டார்: முதலில் என்கொயரி ஏற்றியவர் பெயர் 15 நாள் செல்லும், அவர் டெலிவரியிலோ லீவிலோ இருக்கும்போது இன்னொருவர் முடித்தால் பணம் பாதிப் பாதி. உடனே ஒருவன் சரியான கேள்வி கேட்டான், பணத்தைப் பாதியாக்கலாம் சார், எண்ணிக்கையை எப்படிப் பாதியாக்குவது, ஆறாவது வண்டி யாருக்கு? ஒரு முறை ஏற்றியவருக்கு, அடுத்த முறை முடித்தவருக்கு என்று முடிவானது. கச்சிதமான ஏற்பாடு இல்லைதான், மாதக் கடைசியில் முனகல் வரத்தான் செய்கிறது. ஆனாலும் யார் பெயருக்கு எந்த முறை என்பது போர்டில் எல்லார் கண்ணுக்கும் தெரிகிறது.

எதை ஓட்டலாம் என்று கேட்டால், ஆளை விட்டுவிட்டு நிலைமையை ஓட்டுங்கள் என்பேன். விற்பனை வேலையில் அதற்குப் பஞ்சமே இல்லை. ஆடி மாதம் ஒன்று போதும். துணிக்கடையில் தள்ளுபடிக்குக் கூட்டம் அள்ளும், கார் ஷோரூமில் ஈ ஓட்டுவோம், புது வண்டி எடுக்க ஆவணி பிறக்கட்டும் என்று பாதி ஊர் காத்திருக்கும். டார்கெட் மட்டும் வட இந்தியாவில் ஏதோ ஒரு ஹெட் ஆபீஸிலிருந்து குறையாமல் வரும். “அம்மனுக்குக் கூழ் ஊத்தினா பத்தாதுடா, ரீஜனல் மேனேஜருக்கும் ரெண்டு சொம்பு ஊத்தணும்” என்று ஒருவர் சொன்னதற்கு ஷோரூமே சிரித்தது, யாருக்கும் வலிக்கவில்லை. ராகு காலம் முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது சாவியைக் கையில் வாங்காமல் நிற்கிற வாடிக்கையாளர், காலையில் ஒன்றும் மதியம் ஒன்றுமாக மாறும் ஸ்கீம் சர்க்குலர், எட்டு வண்டி விற்றவருக்கும் ஜீரோவுக்கும் ஒரே மாதிரி சில்லென்று ஆறிப்போய் வரும் கேன்டீன் டீ என்று சொல்லிக்கொண்டே போகலாம்.

2003-ல் கனடாவைச் சேர்ந்த ராட் மார்ட்டின் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும், மனிதர்கள் நகைச்சுவையைப் பயன்படுத்தும் விதங்களை நான்காகப் பிரித்து ஒரு கேள்வித்தாளை வெளியிட்டார்கள். மற்றவர்களோடு ஒட்டுவதற்காகச் சிரிக்கவைப்பது, கஷ்டத்திலும் தனக்குத்தானே சிரித்துச் சமாளிப்பது, அடுத்தவரைக் குத்துவது, தன்னையே மட்டம் தட்டிக்கொண்டு மற்றவர்களைச் சிரிக்கவைப்பது. கூழ் ஜோக் முதல் வகை, கோலம் ஜோக் மூன்றாவது. மூன்றாவதை எல்லாரும் கவனிக்கிறோம், சண்டை வருகிறதே. நான்காவதை யாரும் கவனிப்பதில்லை.

ஓர் எலக்ட்ரானிக்ஸ் கடையில் ஒரு தம்பி இருந்தான். எல்லாருக்கும் அவனைப் பிடிக்கும். விற்பனைத் தரவரிசை லிஸ்ட் வந்ததும், “லிஸ்ட்ல என் பேரைத் தேடாதீங்க, லிஸ்ட்டைத் தாங்கிப் பிடிச்சிருக்கிறதே நான்தான்” என்பான். எப்போதும் இதே மாதிரி ஏதாவது சொல்வான், கூட இருப்பவர்களும் சேர்ந்து ஓட்டுவார்கள், அவனே சிரிக்கிறானே, நமக்கென்ன என்று. மதியம் எல்லாரும் சாப்பிடும்போது அவன் மட்டும் ஏதாவது வேலை சொல்லிக் கழன்றுகொள்வதை ஒருவர் கூடப் பார்க்கவில்லை. வீட்டில் இன்சென்டிவ் வந்ததாகச் சொல்லிவிட்டு ஆப்பில் கடன் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தான். உங்கள் குழுவில் எப்போதும் தன்னையே ஓட்டிக்கொள்கிற ஆள் இருந்தால், ஒரு நாள் தனியாகக் கூப்பிட்டு, ஜோக்கைத் தள்ளி வைத்துவிட்டு, “நிஜமா எப்படிடா இருக்க?” என்று கேளுங்கள். பேச ஆள் வேண்டுமென்றால் அரசின் டெலி மனாஸ் மனநல உதவிச் சேவையின் இலவச எண் 14416 இருக்கிறது, 24 மணி நேரமும், தமிழிலும் பேசலாம்.

பெண்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஒரு பெண் நல்ல எண்ணிக்கை எடுத்துவிட்டால் “அவங்களுக்கு என்ன, சிரிச்சாலே புக்கிங் ஆயிடும்” என்று ஒருவராவது சொல்லாத ஷோரூமை நான் பார்த்ததில்லை. சொல்கிறவருக்கு இது பாராட்டு மாதிரிகூடத் தோன்றலாம். இரண்டு வாரம் ஒரே குடும்பத்தோடு பேசி, லோன் பேப்பர் சரிபார்த்து, பழைய வண்டிக்கு எக்ஸ்சேஞ்ச் விலை பேசி முடித்த வேலை முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் காணாமல் போகிறது. இன்னொன்று, பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம், விரும்பத்தகாத பாலியல் சாயல் கொண்ட பேச்சையும் துன்புறுத்தல் என்றே சொல்கிறது. பத்து அல்லது அதற்கு மேல் ஆட்கள் வேலை செய்யும் இடத்தில் உள் புகார்க் குழு இருந்தே ஆக வேண்டும், சிறிய கடை என்றால் மாவட்ட அளவிலான குழுவிடம் போகலாம். சம்பவம் நடந்து 3 மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும், தகுந்த காரணம் இருந்தால் குழு இன்னும் 3 மாதம் நீட்டிக்கலாம். சாதி, நிறம், உடம்பு, ஊர்ப் பேச்சு, இந்தி பேசுகிற பையனின் தமிழ் இதெல்லாம் பற்றித் தனித்தனியாகச் சொல்லவும் வேண்டுமா? தொடாதீர்கள், அவ்வளவுதான்.

மேலாளர்களுக்குக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். லீவு கொடுக்கிறவர் ஜோக் சொன்னால் சிரிக்காமல் இருக்க யாருக்குத் தைரியம் வரும்? ஆகவே உங்கள் ஜோக் எடுபட்டதா என்று தெரிந்துகொள்ள உங்களுக்கு வழியே இல்லை. காலை மீட்டிங்கில் ஜீரோ எடுத்தவர்களை எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்டுவது, தரவரிசைப் பட்டியலில் கடைசிப் பெயருக்குப் பக்கத்தில் ஆமை படம் போடுவது, இதையெல்லாம் ஊக்கம் என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இன்னொரு சின்ன விஷயம். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-ல் சட்டத் திருத்தமே வந்தது. பல கடைகளில் நாற்காலியும் வந்துவிட்டது. ஆனால் யாராவது உட்கார்ந்தால் “என்ன, ரிட்டையர்மென்ட்டா?” என்று சூப்பர்வைசர் கேட்கிறார், சிரித்துக்கொண்டேதான் கேட்கிறார். அதன் பிறகு யார் உட்காருவார்கள்? கால் வலியோடு சாயங்காலம் ஏழு மணிக்கு நிற்கிறவர்கள் ஒருவர் மேல் ஒருவர் எரிந்து விழுவதைப் பற்றி என்னைக் கூப்பிட்டு வகுப்பு எடுக்கச் சொல்கிறார்கள்.

வாடிக்கையாளர் முன்னால் ஓட்டுவது மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம். நம் ஆட்கள் கெட்டிக்காரர்கள், இரண்டு விற்பனையாளருக்கு ஆகாது என்று மோப்பம் பிடித்துவிட்டால் “அந்தத் தம்பி சீட் கவரும் மேட்டும் ஃப்ரீயாத் தர்றேன்னாரே” என்று ஆரம்பித்து இரண்டு பேர் கையிலிருந்தும் கறந்துவிடுவார்கள். வாட்ஸ்அப் குழுவில் எண்ணிக்கையை வைத்து ஜோக்கும் வேண்டாம். எழுத்தில் குரல் தெரியாது, ஸ்கிரீன்ஷாட் மட்டும் நிற்கும்.

சரி, உங்களை ஒருவர் குத்திவிட்டார் என்றால்? லேசான குத்து என்றால் அதையே திருப்பிப் பிடித்து நகர்ந்துவிடலாம். “லிஸ்ட்ல கடைசியில இருக்க போல” என்றவருக்கு ஒரு அண்ணன் சொன்னது: “லிஸ்ட்டைத் தலைகீழாப் பிடிச்சுப் பாரு, யார் ஃபர்ஸ்ட்டுன்னு தெரியும்.” சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குப் போன் எடுத்து அடுத்த வாடிக்கையாளரைக் கூப்பிட்டார். இது அவர் மாதத்துக்கு ஒரு முறை செய்வது, தினமும் செய்திருந்தால் மேலே சொன்ன தம்பியின் கதைதான். கொஞ்சம் விஷமான குத்து என்றால் சிரிக்காமல், கோபமும் படாமல், “புரியல, என்ன சொல்ல வர்றீங்க?” என்று கேளுங்கள். குத்தலான ஜோக்கை விளக்கிச் சொல்வது மாதிரி சங்கடம் வேறில்லை, பெரும்பாலும் “ஒண்ணுமில்ல ஜி” என்று பின்வாங்குவார்கள். அதற்கும் அடங்காத ஆள் என்றால் கூட்டம் இல்லாத நேரத்தில் தனியாகப் பேசுங்கள்: “நேத்து எல்லார் முன்னாடியும் நீங்க சொன்னது எனக்குப் பிடிக்கல. நம்மளுக்குள்ள ஓட்டுங்க, என் நம்பரை வச்சு வேண்டாம்.” இதில் ஜோக் கலக்காதீர்கள், கலந்தால் நீங்கள் கோபமாக இருப்பதே அவருக்குப் புரியாமல் போகும்.

அப்படிச் சொன்ன பிறகும் தொடர்ந்தால் தேதி, சொன்ன வார்த்தை, கூட இருந்தவர்கள் யார் என்று போனில் குறித்து வைத்துக்கொண்டு மேலாளருக்கோ எச்.ஆருக்கோ மெயிலாக அனுப்புங்கள். முடிந்தவரை மாத முதல் வாரத்தில் அனுப்புங்கள், கடைசி வாரத்தில் அதை யாரும் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள்.