பிளவில்லாத முகங்களில் தெரியும் பிளவின் தடம்

மேலுதடோ அண்ணமோ பிளந்து பிறக்கும் குழந்தையின் பெற்றோர் பெரும்பாலும் பிளவற்ற முகம் உடையவர்களே. ஆயினும் அவர்களின் முக எலும்புகளை அளந்தால், மற்றவர்களிடமிருந்து சராசரியில் சிறிது விலகி நிற்பதைக் காண முடிகிறது. இதன் காரணம் கருவின் முகம் உருவாகும் விதத்தில் இருக்கிறது.

முகம் தனித்தனிப் புடைப்புகளாகத் தோன்றிப் பின்னர் ஒன்றாகிறது. கருவின் நான்காம் வாரத்துக்கும் ஏழாம் வாரத்துக்கும் இடையில், மூக்கைச் சுற்றி எழும் புடைப்புகளும் பக்கவாட்டிலிருந்து வளரும் மேல்தாடைப் புடைப்புகளும் ஒன்றையொன்று தொட்டு இணைந்து மேலுதடாகின்றன. அண்ணத்தின் இரு தகடுகளோ முதலில் நாக்கின் இருபுறமும் கீழ்நோக்கித் தொங்கி, பிறகு மேலெழுந்து நடுவில் சேர்கின்றன. புடைப்பு சற்றுச் சிறியதாக இருந்தாலும், இடைவெளி சற்று அகன்றிருந்தாலும், உரிய நாட்களுக்குள் அவை தொட்டுக்கொள்ளாமல் போகலாம். அப்படியானால் முகத்தின் வடிவமே பிளவுக்கான வாய்ப்பைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும்.

கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் இந்த எண்ணம் சோதிக்கப்பட்டது. உதட்டுப் பிளவு அடிக்கடி தோன்றும் எலி வகையின் கருமுகம், அது அரிதாகவே தோன்றும் வகையின் கருமுகத்திலிருந்து பிளவு ஏற்படுவதற்கு முன்பே வேறுபட்டிருந்ததை டாஃப்னி டிராஸ்லர் 1968-இல் காட்டினார். மனிதரிலும் இது பொருந்துமா என்று அறிய, கிளார்க் ஃபிரேசரும் பஷாயனும் பிளவுள்ள குழந்தைகளின் பெற்றோர் முகங்களை அளந்து 1970-இல் வெளியிட்டனர். அப்பெற்றோரின் மேல்தாடை முன்னோக்கித் துருத்துவது குறைவாக இருந்தது.

பின்னர் வந்த ஆய்வாளர்கள் பலர், தலையை ஒரே நிலையில் நிறுத்தி எடுக்கும் எக்ஸ்ரே படங்களில் எலும்பின் குறிப்புள்ளிகளுக்கு இடையேயான தூரங்களை அளந்தனர். மேல்முகத்தின் உயரம் குறைந்திருப்பதும் மூக்கின் உட்குழி அகன்றிருப்பதும் அவர்கள் கண்ட வேறுபாடுகளுள் சில. எல்லா ஆய்வுகளும் ஒரே முடிவைத் தரவில்லை. அளக்கப்பட்ட மக்களும் அளந்த முறையும் வேறுபட்டதே அதற்குப் பெரும் காரணம் என்று கருதுகிறேன். வேறுபாடுகள் சிறியவை; இரு குழுக்களின் அளவுகளும் பெரிதும் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. ஆகவே ஒருவரின் முகத்தைப் பார்த்து அவருக்குப் பிறக்கும் குழந்தையைப் பற்றி எதுவும் சொல்லிவிட முடியாது. கிரகணத்தின்போது வெளியே வந்ததாகத் தாயை மட்டும் பழிக்கும் வழக்கம் நம்மிடையே இன்னும் உள்ள நிலையில், இந்த அளவீடுகள் தந்தையரிடமும் எடுக்கப்பட்டவை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

தடம் எலும்போடு நிற்பதில்லை. பிளவுள்ளோரின் பிளவற்ற உறவினர் சிலருக்கு, வெளியே முழுமையாகத் தெரியும் மேலுதட்டின் அடியில், வாயைச் சுற்றியுள்ள வளையத் தசை ஓரிடத்தில் தொடர்ச்சியற்று இருப்பதை அல்ட்ராசவுண்ட் படம் காட்டியிருக்கிறது.