விளக்கை விடுங்கள், வெந்நீரைப் பாருங்கள்

சில ஆண்டுகளுக்கு முன்புவரை எனக்கு ஒரு பழக்கம் இருந்தது. செல்பேசிக்கு மின்னேற்றம் முடிந்த கையோடு சார்ஜரைச் சுவரிலிருந்து பிடுங்கிவைப்பேன். வீட்டில் வேறு யாராவது மறந்திருந்தால் அதையும் தேடிப்போய்ப் பிடுங்குவேன். பூமிக்கு ஏதோ தொண்டு செய்துவிட்ட நிறைவோடு குளியலறைக்குள் நுழைந்து, ஷவரைத் திறந்து, வெந்நீரில் பதினைந்து நிமிடம் நிற்பேன்.

ஒருநாள் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்து கணக்குப் போட்டேன். இன்றைய சார்ஜர் ஒன்று சும்மா சொருகியிருக்கும்போது இழுக்கும் மின்சாரம் சுமார் 0.1 வாட். ஆண்டின் 8,760 மணி நேரமும் அப்படியே விட்டுவைத்தாலும் ஒரு யூனிட்டைத் தொடாது, 0.88 யூனிட்தான் வரும். ஷவரில் நிமிடத்துக்கு 8 லிட்டர் கொட்டுகிறது என்றும், தண்ணீரை 20 டிகிரி உயர்த்தியிருக்கிறோம் என்றும் கொண்டால், ஐந்து நிமிடக் குளியலுக்கு 0.93 யூனிட். பதினைந்து நிமிடம் நின்றவன் நான். மூன்று ஆண்டுகள் விடாமல் பிடுங்கிச் சேர்த்ததை ஒரே குளியலில் சாக்கடைக்கு அனுப்பியிருக்கிறேன்.

இந்தத் தப்புக் கணக்கு எனக்கு மட்டும் உரியதல்ல என்பது கொஞ்சம் ஆறுதல். ஷஹ்ஸீன் அட்டாரியும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2010இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்கர்கள் 505 பேரிடம் ஆற்றலை மிச்சப்படுத்த மிகச் சிறந்த வழி எது என்று கேட்டார்கள். விளக்கை அணைப்பது என்ற பதிலே முன்னணியில் நின்றது. வெவ்வேறு கருவிகளும் செயல்களும் எவ்வளவு ஆற்றலைத் தின்கின்றன என்று மதிப்பிடச் சொன்னபோது, சராசரியாக 2.8 மடங்கு குறைத்தே சொன்னார்கள். பெரிதாகத் தின்பவற்றில்தான் பிழையும் பெரிது. காரணம் எளிது. விளக்கு எரிவது கண்ணில் படுகிறது. வெப்பம் படுவதில்லை.

கார்பன் தடத்தை, அதாவது நம் செயல்களால் காற்றில் சேரும் கரியமில வாயுவின் அளவை, குறைப்பது பற்றிய அறிவுரைகளில் பெரும்பாலானவை கண்ணில் படுவதைத்தான் பிடித்துக்கொள்கின்றன. நான் கையாளும் விதி வேறு. எங்கே எதையாவது சூடாக்குகிறோம், குளிர்விக்கிறோம், எங்கே கனமான ஒன்றை நகர்த்துகிறோம் என்று மட்டும் பார்க்கிறேன். தடத்தின் பெரும்பகுதி அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

முதலில் தடம் என்பதை எடைபோட்டுப் பார்த்துவிடலாம். ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை சுமார் 750 கிராம். அது எரிந்து வெளிவரும் கரியமில வாயுவின் எடையோ சுமார் 2.3 கிலோ. முக்கால் கிலோ எப்படி இரண்டேகால் கிலோ ஆயிற்று? பெட்ரோலில் இருக்கும் ஒவ்வொரு 12 கிராம் கார்பனும் காற்றிலிருந்து 32 கிராம் ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டு 44 கிராமாக வெளியேறுகிறது. நாம் பெட்ரோல் பங்கில் ஊற்றுவதைவிட மூன்று மடங்கு கனமான ஒன்றைக் காற்றில் கொட்டுகிறோம். அதற்கு நிறமோ மணமோ இல்லாததால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. உலக மனிதர் ஒருவரின் பங்காக நிலக்கரி, எண்ணெய், எரிவாயு ஆகியவற்றால் ஆண்டுக்கு வெளியேறும் கரியமில வாயு சராசரியாக 5 டன்னுக்குச் சற்றுக் குறைவு. இங்கே ஒரு குறுக்குச் செய்தி. 'சூழலியல் தடம்' என்ற கருத்தை 1992இல் வில்லியம் ரீஸ் என்ற கல்வியாளர் முன்வைத்தார். தனிமனிதரின் கார்பன் தடத்தைக் கணக்கிடும் கருவியை ஊரெல்லாம் பரப்பியதில் பெரும்பங்கு பிபி என்ற எண்ணெய் நிறுவனத்துடையது. எண்ணெய் விற்பவர் நம்மைப் பார்த்து 'உங்கள் கணக்கு என்ன?' என்று கேட்பதில் உள்ள நகைச்சுவை எனக்கும் புரிகிறது. அதற்காக வெப்பத்தின் கணக்கு பொய்யாகிவிடாது.

தண்ணீருக்குத் திரும்புவோம், ஏனெனில் தண்ணீர் ஒரு பேராசைக்காரப் பொருள். ஒரு லிட்டரை ஒரே ஒரு டிகிரி உயர்த்த 4.2 கிலோஜூல் வேண்டும். அன்றாடம் புழங்கும் பொருட்களில் இவ்வளவு வெப்பத்தை விழுங்குவது வேறெதுவும் இல்லை. 20 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரச் செலவாகும் ஆற்றலில் 9 வாட் எல்இடி பல்பு பத்து மணி நேரம் எரியும். ஒரு குவளை போதும் என்னும்போது பாத்திரம் நிறையக் கொதிக்கவைப்பவர், வராந்தா விளக்கை மறந்துவிட்டுத் தூங்கியவரைக் கடிந்துகொள்ள வேண்டியதில்லை.

கொதித்த பிறகு நடப்பது இன்னும் வேடிக்கை. திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியை எட்டியதும் அங்கேயே நின்றுவிடும். அடுப்பை எவ்வளவு கூட்டினாலும் உள்ளே இருப்பது வேகமாக வேகாது. கூடுதல் வெப்பம் முழுவதும் தண்ணீரை ஆவியாக்கவே போகும். ஒரு லிட்டரை முழுதாக ஆவியாக்க, அதே லிட்டரை 20 டிகிரியிலிருந்து கொதிக்கவைக்க ஆனதைப்போல ஏறக்குறைய ஏழு மடங்கு ஆற்றல் தேவை. தளதளவென்று கொதிப்பது சமையல் மும்முரமாக நடப்பதுபோல் தோன்றும். உண்மையில் அது அறையைச் சூடாக்கும் வேலை. கொதி வந்ததும் தீயைத் தணித்து மூடிபோட்டால் அதே நேரத்தில் அதே பதத்தில் வேகும். பிரஷர் குக்கர் இந்த 100 டிகிரித் தடையையே உடைத்துவிடுகிறது: அழுத்தம் கூடுவதால் கொதிநிலை சுமார் 120 டிகிரிக்கு ஏறுகிறது, வேகும் நேரம் பாதிக்கும் கீழே இறங்குகிறது.

துணி துவைப்பதிலும் இதே கதைதான். சலவை இயந்திரத்தின் உருளையைச் சுழற்றும் மோட்டார் அற்பமாகத்தான் தின்கிறது. வெந்நீர்ச் சலவையில் பெருஞ்செலவு தண்ணீரைச் சூடாக்குவதே. சலவைத்தூளில் இருக்கும் நொதிகள் 30 டிகிரியிலேயே வேலை செய்யக்கூடியவை. வெப்பக்காற்றில் உலர்த்தும் கருவியோ நாம் மேலே பார்த்த ஆவியாக்கும் செலவை முழுசாகச் செய்கிறது. வேகமாகச் சுழற்றிப் பிழிந்துவிட்டுக் கொடியில் போட்டால், அந்த ஆவியாக்கலை வெயிலும் காற்றும் பார்த்துக்கொள்ளும்.

இனிக் குளிர்ச்சி. ஏசி குளிர்ச்சியை உற்பத்தி செய்வதில்லை. அறைக்குள் இருக்கும் வெப்பத்தை வாரி வெளியே கொட்டுகிறது. ஓட்டைப் படகிலிருந்து தண்ணீரை இறைப்பவரைப் போல. படகுக்குள் எவ்வளவு தண்ணீர் கசியும் என்பது உள்ளும் புறமும் உள்ள மட்ட வேறுபாட்டைப் பொறுத்தது. வெளியே 36 டிகிரி, உள்ளே 20 என்றால் வேறுபாடு 16. உள்ளே 26 என்று வைத்தால் 10. சுவர் வழியாகவும் கண்ணாடி வழியாகவும் கசிந்துவரும் வெப்பம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடுகிறது. நேரடி வெயிலும், உள்ளே இருப்பவர்களின் உடல்சூடும், காற்றின் ஈரமும் இந்தக் கணக்கில் சேராதவை. ஆகவே மின்சாரம் அப்படியே மூன்றில் ஒன்று குறையும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஏறவேண்டிய மேடு தாழ்வதால் இயந்திரத்தின் திறனும் சற்றுக் கூடுகிறது. மின்விசிறி சேர்ந்து சுழன்றால் 26 டிகிரி போதும் என்று உடல் ஒப்புக்கொள்ளும். விசிறி அறையைக் குளிர்விப்பதில்லை, தோலில் இருக்கும் வியர்வையை ஆவியாக்குகிறது, அவ்வளவே. ஆளில்லாத அறையில் அது சுழல்வதால் யாருக்கும் பயனில்லை. குளிர்நாடுகளில் இருப்பவர்கள் இதையே தலைகீழாகப் படித்துக்கொள்ளலாம்.

ஏசியில் மின்சாரத்தைவிட மோசமாகக்கூடிய ஒன்று இருக்கிறது. பழுதுபார்ப்பவர்கள் 'கேஸ்' என்று சொல்லும் குளிர்பதன வாயு. பரவலாகப் புழக்கத்தில் உள்ள ஆர்-410ஏ என்ற வாயு ஒரு கிலோ காற்றில் கலந்தால், நூறாண்டுகளில் அது பூமியைச் சூடாக்கும் கணக்கில், அது சுமார் 2 டன் கரியமில வாயுவுக்குச் சமம். ஏறக்குறைய 900 லிட்டர் பெட்ரோலை எரித்ததுபோல! வீட்டு ஏசி ஒன்றில் ஏறக்குறைய அந்த அளவு வாயுதான் இருக்கும். வீடு மாறும்போது ஏசியைக் கழற்ற வருபவர் குழாயைத் திறந்து 'உஸ்' என்று வாயுவை வெளியே விட்டால், வேலை இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். அதற்குப் பதில் வாயுவை வெளிக்கருவிக்குள் திரும்ப இழுத்து அடைத்துவைக்க முடியும். கூடுதலாகச் சில நிமிடங்கள் பிடிக்கும். அருகில் நின்று அதைக் கேட்டுப் பெறுவது, நான் அறிந்தவரையில், நிமிடக் கணக்கில் மிக அதிக லாபம் தரும் கார்பன் சேமிப்பு. 2016இல் ருவாண்டாவின் கிகாலி நகரில் உலக நாடுகள் இத்தகைய வாயுக்களைப் படிப்படியாகக் குறைக்க ஒப்புக்கொண்டன. புதிதாக வாங்குபவர் பெட்டியின் மேல் எந்த வாயு என்று படிக்கலாம்: ஆர்-32 என்றால் பாதிப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, ஆர்-290 என்றால் மிகச் சொற்பம்.

காரைப் பற்றிப் பேசாமல் முடியாது, ஆனால் அதில் மர்மம் குறைவு. 70 கிலோ மனிதரை நகர்த்த 1,300 கிலோ இரும்பையும் சேர்த்து நகர்த்துகிறோம். அதுவும் எரிபொருளின் ஆற்றலில் கால்பங்கு அளவே சக்கரத்துக்குப் போகிறது. எஞ்சியது ரேடியேட்டர் வழியாகவும் புகைக்குழாய் வழியாகவும் வெப்பமாகத் தொலைகிறது. காரும் ஒரு நகரும் அடுப்புதான். மின்காரில் இந்த வெப்ப இழப்பு வெகுவாகக் குறைவு. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 90இல் போகாமல் 110இல் போனால் காற்றைத் தள்ளும் விசை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. விமானம் சற்று வியப்பானது. ஒரு பயணிக்கு, 100 கிலோமீட்டருக்கு, சுமார் 3 லிட்டர்தான் அது குடிக்கிறது. தனியாளாக ஓட்டும் பெட்ரோல் காரைவிடக் குறைவு. சிக்கல் தூரத்தில். காரில் யாரும் ஒரே வாரத்தில் 20,000 கிலோமீட்டர் போய்வருவதில்லை. விமானத்தில் போகிறார்கள், ஒன்றரை டன் ஆகிறது.

உணவில் மட்டும் என் வெப்ப விதி செல்லுபடியாகாது. அங்கே வில்லன் மாட்டின் வயிறு. அசைபோடும் விலங்குகளின் இரைப்பையில் நார்ச்சத்தைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் மீத்தேனை உண்டாக்குகின்றன. அது ஏப்பமாக வெளியேறுகிறது. ஆய்வாளர்கள் ஜோசப் பூரும் தாமஸ் நெமெசெக்கும் 119 நாடுகளின் சுமார் 38,700 பண்ணைகளின் தரவுகளைக் கொண்டு 2018இல் கணித்தபடி, இறைச்சிக்கென வளர்த்த மாட்டிலிருந்து 100 கிராம் புரதம் பெறச் சராசரியாக 50 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமான வாயுக்கள் வெளியேறுகின்றன. பட்டாணியிலிருந்து பெற்றால் அரைக் கிலோவுக்கும் குறைவு. எங்கிருந்து வந்தது என்பதைவிட என்ன என்பதே முக்கியம். கப்பலில் கடல் கடந்து வந்த தானியத்தின் பயணச் செலவு அற்பம். விமானத்தில் வந்த பழம் விதிவிலக்கு, கப்பலைப்போல அது சுமார் 50 மடங்கு. எதைத் தின்றாலும் மிச்சம் வைக்காமல் தின்பது இன்னொரு வழி: 2022இல் உலகம் குப்பையில் போட்ட உணவு 105 கோடி டன் என்கிறது ஐநா சுற்றுச்சூழல் திட்டம், அதில் ஏறக்குறைய 60 சதவீதம் வீடுகளிலிருந்து.

செல்பேசிக்கு வருவோம். அதன் ஆயுள்காலத் தடத்தில் பெரும்பகுதி, நாம் பெட்டியைத் திறப்பதற்கு முன்பே தொழிற்சாலையில் பதிந்துவிடுகிறது. மின்கலத்தை மட்டும் மாற்றி இன்னும் இரண்டு ஆண்டு ஓட்டுவதோடு ஒப்பிட்டால், சார்ஜரைப் பிடுங்குவது பேச்சுக்கே வராது.

ஒரே யூனிட் எல்லா இடத்திலும் ஒன்றல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். நிலக்கரியில் பிறந்த யூனிட்டின் பின்னால் கிட்டத்தட்ட ஒரு கிலோ கரியமில வாயு. எரிவாயுவில் என்றால் அரைக் கிலோ அளவு. காற்றாலை, சூரியத் தகடு என்றால் சில பத்து கிராம். சூரிய மின்சாரம் மிகுந்த ஊர்களில் அதே சலவையை இரவில் போடாமல் நண்பகலில் போடுவதே ஒரு சேமிப்பு.

என் குளியல் இப்போது ஆறு நிமிடம். அதைவிடப் பெரிய மாற்றம் இன்னும் நடக்கவில்லை. சாதாரணக் கீசர் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒரு யூனிட் வெப்பம்தான் தரும். வெப்ப எக்கி வகைக் கருவி, ஏசி செய்வதையே திருப்பிச் செய்து, வெளிக்காற்றின் வெப்பத்தை வாரித் தண்ணீருக்குள் கொட்டுகிறது. ஒரு யூனிட்டுக்கு மூன்று யூனிட் அளவு வெப்பம் கிடைக்கும். ஆனால் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கீசரை யாரும் மாற்றுவதில்லை. அது பழுதாகும் காலையில் ஆராய்ச்சிக்கு நேரமும் இருப்பதில்லை. கடையில் முதலில் கிடைப்பதை வாங்கி மாட்டிவிட்டு அடுத்த பத்து ஆண்டுக்கு அதோடு வாழ்கிறோம். அதனால் எந்த வகை, எத்தனை லிட்டர், எங்கே வைக்க இடம் இருக்கிறது என்று இப்போதே விசாரித்து ஒரு சீட்டில் எழுதி, என் பழைய கீசரின் பக்கவாட்டில் ஒட்டிவைத்திருக்கிறேன்.