சிறைப் பதிவேட்டில் தாத்தாவின் பெயர்

குற்றவியல் வழக்கறிஞர் என்பதால், பழைய ஜெயில் ரிக்கார்டு நகலோடு சிலர் என்னைத் தேடி வருவதுண்டு. "தாத்தா என்ன குத்தம் சார் பண்ணாரு?" என்று குரலைத் தணித்துக் கேட்பார்கள். எந்தப் பிரிவில் உள்ளே போனார் என்று முதலில் பாருங்கள் என்பேன்.

'110' என்று இருந்தால் அவர் மீது எந்தக் குற்றமும் நிரூபிக்கப்படவில்லை. 1898-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் அந்தப் பிரிவில், ஒருவர் வழக்கமாகத் திருடுபவர் என்பதற்கு ஊர்ப்பேச்சையே சாட்சியமாக எடுத்துக்கொள்ளலாம். மாஜிஸ்திரேட் நன்னடத்தைக்கு ஜாமீன் கேட்பார். ஜாமீன் நிற்க ஆள் கிடைக்காத ஏழை சிறைக்குப் போவார்.

குற்றப் பரம்பரைச் சட்டம் இதைவிடக் கொடியது. 1871-இல் வடக்கே தொடங்கியது, 1911-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஒரு சமூகத்தையே குற்றப் பரம்பரை என்று அரசு அறிவிக்கலாம். அந்த அறிவிப்பு செல்லுமா என்று நீதிமன்றம்கூடக் கேட்க முடியாது. குறவர், பிரமலைக் கள்ளர் எனப் பல சமூகத்தார் இதில் சிக்கினார்கள். கைரேகை எடுத்துப் பதிவு செய்ததால் மதுரைப் பக்கம் இதற்கு 'ரேகைச் சட்டம்' என்றே பெயர். பதிவானவர் வெளியூர் போக அனுமதிச் சீட்டு வேண்டும். பல ஊர்களில் ராத்திரி காவல் நிலையத்தில் போய்ப் படுக்க வேண்டும். இந்த விதியை மீறினாலே தண்டனை. சீட்டில்லாமல் மகளைப் பார்க்கப் போன தகப்பனும் ஜெயில் கணக்கில் குற்றவாளிதான். திருட்டு போன்ற குற்றங்களில் இரண்டாம் முறை தண்டனை பெற்றால் குறைந்தது 7 ஆண்டு, மூன்றாம் முறை ஆயுளுக்கும் நாடு கடத்தல். அதே திருட்டைச் செய்த மற்றவருக்கு இந்தக் கணக்கு கிடையாது.

1920 ஏப்ரல் 3 அன்று, உசிலம்பட்டி அருகே பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்த மக்கள் மீது போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் மாண்டார்கள். இதைப் படிக்காமல் அந்தக் காலத்துப் பதிவேட்டைப் புரட்டி யாரையும் 'குற்றவாளி' என்று எழுதிவிடாதீர்கள். ஆய்வு மாணவர்களிடம் நான் மன்றாடிக் கேட்பது இது.

சென்னை மாகாணத்தில் 1947-இல் சட்டம் ஒழிந்தது. ஆனால் சிறைப் பதிவேட்டில் சாதிக்கென்று இருந்த கட்டத்தை நீக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிக்க 2024 அக்டோபர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த 110-ஆம் பிரிவோ, இன்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 129-ஆகத் தொடர்கிறது. அதன்கீழ் நோட்டீஸ் வந்தால், நீட்டிய தாளில் உடனே கையெழுத்துப் போடாதீர்கள். காரணத்தை எழுத்தில் வாங்குங்கள், விசாரணை கேளுங்கள். வழக்கறிஞர் வைக்க வசதியில்லை என்றால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுங்கள்.