பச்சைப் பால் விற்கலாமா, குடிக்கலாமா? உணவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்வது இதுதான்

கறந்த பாலைச் சூடாக்காமல் அப்படியே அளந்து விற்பது இந்தியாவில் குற்றமல்ல. பாஸ்டரைஸ் செய்த, அதாவது குறிப்பிட்ட அளவு சூடாக்கி நோய்க்கிருமியைக் கொன்ற பாலை மட்டும்தான் விற்கலாம் என்று நாடு முழுமைக்கும் பொருந்தும் விதி எதுவும் கிடையாது. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டமும், 2011 ஆகஸ்ட் 5 முதல் நடைமுறையில் உள்ள அதன் விதிகளும் மூன்று விஷயங்களைக் கேட்கின்றன: விற்பவர் பதிவு செய்திருக்கிறாரா, பாலில் இருக்க வேண்டிய சத்து இருக்கிறதா, இருக்கக் கூடாதது ஏதும் கலந்திருக்கிறதா. பச்சைப் பாலில் உள்ள கிருமியைக் கொல்லும் வேலை வாங்குபவர் வீட்டு அடுப்புக்கு விடப்பட்டிருக்கிறது.

வெளிநாட்டு விவாதத்தை அப்படியே இங்கே கொண்டுவந்து பேசும்போது இந்த வேறுபாடு மறந்துபோகிறது. அங்கே பெரும்பாலும் பாலைக் குளிர்ச்சியாக, காய்ச்சாமல் குடிக்கிறார்கள். அதனால் சட்டம் விற்பனையிலேயே குறுக்கிடுகிறது. ஸ்காட்லாந்து 1983இலும் கனடா 1991இலும் பச்சைப் பால் விற்பனையைத் தடை செய்தன. அமெரிக்காவில் ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குக் கொண்டுபோய் விற்பதற்கு 1987 முதல் தடை. மாநிலத்துக்குள் அந்தந்த மாநிலச் சட்டம்தான். நம் வீடுகளில் பால் வந்ததும் அடுப்பில் ஏறிவிடும். பச்சைப் பால் விற்பனை இத்தனை காலம் பெரிய கேடின்றி நடந்ததற்கு அந்தப் பழக்கமே காரணம். ‘காய்ச்சினால் சத்து போய்விடும்’ என்ற பேச்சைக் கேட்டு அதைக் கைவிடுபவருக்கு இந்தியச் சட்டத்தில் வேறு எந்தப் பாதுகாப்பும் இல்லை.

விற்பவர் செய்ய வேண்டியது

ஆண்டு விற்றுமுதல் 12 லட்சம் ரூபாய்க்குள் உள்ள சிறு வணிகர், நாளொன்றுக்கு 500 லிட்டர் வரை பால் கையாள்பவர் ஆகியோருக்கு உரிமம் தேவையில்லை, பதிவு போதும் என்கின்றன 2011 விதிகள். அதற்கு மேல் 50,000 லிட்டர் வரை மாநில உரிமம், அதையும் தாண்டினால் மத்திய உரிமம். பதிவுக்கு, உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் ஃபாஸ்காஸ் இணையதளத்தில் ‘படிவம் அ’வை நிரப்பி, புகைப்படமும் அடையாளச் சான்றும் இணைக்க வேண்டும். கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய் என்று அந்த விதிகளில் வைக்கப்பட்டது. வரம்பும் கட்டணமும் திருத்தத்துக்கு உட்பட்டவை. விண்ணப்பிக்கும் நாளில் தளம் காட்டும் எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பித்த 7 நாளுக்குள் பதிவு தர வேண்டும், அல்லது காரணத்தோடு மறுக்க வேண்டும், அல்லது ஆய்வுக்கு வருவதாக அறிவிக்க வேண்டும். ஆய்வு என்றால் 30 நாளுக்குள் முடிவு தெரிய வேண்டும். எதுவுமே நடக்கவில்லை என்றால் தொழிலைத் தொடங்கலாம் என்று விதியே சொல்கிறது.

பலர் தவறாகப் புரிந்துகொள்வது சொசைட்டி உறுப்பினருக்கான விலக்கைத்தான். கூட்டுறவுப் பால் சங்கத்தில் உறுப்பினராக இருந்து, கறக்கும் பால் முழுவதையும் சங்கத்துக்கே ஊற்றுபவருக்குத்தான் பதிவிலிருந்து விலக்கு. காலையில் 6 லிட்டரைச் சங்கத்தில் ஊற்றிவிட்டு, மாலையில் 3 லிட்டரை நான்கு வீடுகளுக்குக் கொடுப்பவர் அந்த விலக்குக்குள் வரமாட்டார். ‘நான் சொசைட்டி மெம்பர், எனக்கு எதுவும் தேவையில்லை’ என்று சொல்லிக்கொண்டிருந்தால் ஆய்வின்போது சிக்கல்தான். நூறு ரூபாய் வேலையைத் தள்ளிப்போட வேண்டாம்.

பதிவு பெற்றவர் சுகாதார நிபந்தனைகளுக்கும் கட்டுப்பட்டவர். பாலில் சமையல் சோடா, ஹைட்ரஜன் பெராக்சைடு, ஃபார்மலின் எதையும் சேர்க்கக் கூடாது. புளிக்கத் தொடங்கிய பாலைச் சோடா போட்டு மீட்பது வெயில் காலத்தில் நடக்கிற தவறு. சோடா புளிப்பை மறைக்கும். பெருகிய கிருமி அப்படியே இருக்கும். ஒரு கேன் பால் கெட்டால் அதைக் கொட்டிவிடுவதைத் தவிர சட்டப்படி வேறு வழி கிடையாது.

பாலில் இருக்க வேண்டிய அளவு

பசும்பாலில் குறைந்தது 3.2 சதவீதம் கொழுப்பும், 8.3 சதவீதம் கொழுப்பு நீங்கிய இதரச் சத்தும் (சொசைட்டியில் ‘எஸ்என்எஃப்’ என்பார்கள்) இருக்க வேண்டும். பாக்கெட்டில் வருவதென்றால் சமன்படுத்திய பாலுக்கு 3 மற்றும் 8.5, நிலைப்படுத்திய பாலுக்கு 4.5 மற்றும் 8.5, நிறைகொழுப்புப் பாலுக்கு 6 மற்றும் 9.

தண்ணீர் கலக்காமலே இந்த அளவுக்குக் கீழே போகலாம். தீவனம் போதாத கலப்பின மாட்டில் இதரச் சத்து 8க்கும் கீழே இறங்குவது உண்டு. மாடு கொடுத்தது அவ்வளவுதான் என்றாலும் அது தரம் குறைந்த பால் என்றே கணக்காகும். லாக்டோமீட்டரை மட்டும் நம்புவதிலும் பயனில்லை. அது அடர்த்தியைத்தான் காட்டும். கொழுப்பை எடுத்தால் அடர்த்தி ஏறும், தண்ணீர் ஊற்றினால் இறங்கும்; இரண்டையும் சேர்த்துச் செய்தால் அளவு சரியாகவே நிற்கும். கொழுப்பையும் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

சூடு எதைக் கொல்லும், எதைத் தொடாது

பாஸ்டரைஸ் என்பதற்குச் சட்டம் தரும் அளவு: 63 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம், அல்லது 72 டிகிரியில் 15 விநாடி, உடனே 4 டிகிரிக்குக் குளிர்வித்தல். 63 டிகிரி என்ற எண் சும்மா வந்ததல்ல. பாலில் வரும் நோய்க்கிருமிகளில் வெப்பத்தை அதிகம் தாங்கும் ஒன்று ‘கியூ காய்ச்சல்’ கிருமி. அது சாகும் அளவை வைத்து இது நிர்ணயிக்கப்பட்டது. காசநோய், கன்று வீச்சு நோய் (மாடு குறைமாதத்தில் கன்றை வீசிவிடச் செய்யும் ‘புருசெல்லோசிஸ்’), டைபாய்டு, லிஸ்டீரியா கிருமிகள் அதற்கு முன்பே செத்துவிடும். பால் பண்ணையில் சூடான பால் ஒரு நீண்ட குழாய் வழியே 15 விநாடி ஓடுகிறது. வெப்பம் 72க்குக் கீழே இறங்கினால் தானியங்கி வால்வு அந்தப் பாலைத் திரும்பத் தொட்டிக்கே அனுப்பிவிடும். முடிந்த பாலில் பாஸ்பட்டேஸ் சோதனை செய்வார்கள். பாஸ்பட்டேஸ் என்ற நொதி நோய்க்கிருமிகள் சாகும் வெப்பத்துக்குச் சற்று மேலே அழிவது. அது இல்லை என்றால் சூடு போதுமான அளவு ஏறியிருக்கிறது. இன்னும் இருக்கிறது என்றால் சூடு குறைந்திருக்கும், அல்லது பிறகு பச்சைப் பால் கலந்திருக்கும்.

பாஸ்டரைஸ் செய்த பால் முற்றிலும் கிருமியற்றதல்ல. வெப்பம் தாங்கும் சில கிருமிகளும் வித்துகளும் பிழைத்திருக்கும். அவற்றைக் குளிர்ச்சிதான் அடக்கி வைக்கிறது. அதிகாலை இறங்கும் பாக்கெட் டப்பாக்கள் கடை வாசலில் வெயில் வரும்வரை கிடந்தால் அந்தக் குளிர்ச்சி போய்விடும். விதிப்படி பாஸ்டரைஸ் செய்த பாலைக் காய்ச்சாமல் குடிக்கலாம் என்றாலும், நம் ஊர் விநியோகத்தில் பாக்கெட் பாலையும் காய்ச்சிக் குடிப்பதே சரி. உப்பிய பாக்கெட்டை வாங்கவே வேண்டாம்.

சூடு தொடாதவையும் உண்டு. பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்கு, பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு, மக்காச்சோளம் ஆகியவற்றில் உள்ள அஃப்ளடாக்சின் நச்சு மாட்டின் கல்லீரலில் மாற்றமடைந்து, ‘எம்1’ என்ற வடிவில் ஓரிரு கறவைக்குள்ளேயே பாலில் இறங்கும். காய்ச்சினாலும், பண்ணையில் பாஸ்டரைஸ் செய்தாலும் போகாது. சட்ட வரம்பு ஒரு கிலோ பாலில் 0.5 மைக்ரோகிராம். உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் நாடு முழுக்க 6,432 மாதிரிகளைப் பார்த்தது. ஆபத்தான கலப்படம் இருந்தது 12இல் மட்டும். அஃப்ளடாக்சின் வரம்பு மீறியது 368இல். அவற்றில் 88 தமிழ்நாட்டில் எடுத்த 551 மாதிரிகளைச் சேர்ந்தவை. யூரியா கலந்தார்களா, டிடர்ஜென்ட் கலந்தார்களா என்று நாம் பயப்படுகிற அளவுக்கு, மாட்டுக்கு என்ன தீவனம் போட்டார்கள் என்று கேட்பதில்லை. அதைத்தான் முதலில் கேட்க வேண்டும். பூசணம் பூத்த தீவனத்தை நிறுத்தினால் சில நாட்களிலேயே பாலில் நச்சு இறங்கிவிடும். புண்ணாக்கு மூட்டையைத் தரையில் வைக்காமல் மரச்சட்டத்தின் மேல் ஏற்றி வைப்பதும், ஈரம் பட்டதைத் தள்ளிவிடுவதும் செலவில்லாத காரியங்கள்.

ஆன்டிபயாடிக் மருந்தும் அப்படியே. மடிநோய்க்கு ஊசி போட்ட மாட்டின் பாலை, மருந்து லேபிளில் உள்ள நாட்கள் முடியும்வரை விற்கக் கூடாது. லேபிளில் குறிப்பிடவில்லை என்றால் பாலுக்குக் குறைந்தது 7 நாள் என்பது மருந்துச் சட்ட விதி. ஆனால் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 18வது பிரிவு உழவரையும் பண்ணைத் தொழிலையும் தன் வரம்புக்கு வெளியே நிறுத்திவிடுகிறது. அதிகாரி கேனில் மாதிரி எடுக்கலாம். தொழுவத்துக்குள் போய் இந்தச் சட்டத்தை வைத்துக் கேட்க முடியாது. பாலின் பாதுகாப்பில் இருக்கும் பெரிய ஓட்டை இது என்பது எங்கள் கருத்து.

சத்து போய்விடுமா?

காய்ச்சும்போது பி1, பி12, ஃபோலேட் போன்ற வைட்டமின்கள் ஓரளவு குறையும். சுண்ணாம்புச் சத்தும் புரதமும் குறையாது. பச்சைப் பாலில் லாக்டேஸ் நொதி இருப்பதால் எளிதில் செரிக்கும் என்பது தவறு. பாலில் அந்த நொதியே கிடையாது.

பச்சையாகக் குடிப்பதில் மிகவும் கவலை தருவது, குழந்தைகளுக்கு நல்லது என்று கறந்த சூட்டோடு கொடுக்கப்படும் ஆட்டுப் பால். கன்று வீச்சு நோய்க் கிருமிகளில் மனிதருக்குக் கடுமையானது ஆடுகளில் வருவதுதான். விட்டு விட்டு வரும் காய்ச்சல், இரவு வியர்வை, மூட்டு வலி, இடுப்பு வலி என்று வாரக்கணக்கில் இழுக்கும். சாதாரணக் காய்ச்சல் பரிசோதனையில் பிடிபடாது. காய்ச்சாத பால் குடித்தேன், குட்டி போடும் ஆட்டைக் கையால் தொட்டேன் என்று மருத்துவரிடம் நீங்களே சொன்னால்தான் அதற்கான ரத்தப் பரிசோதனை எழுதுவார். மருந்தும் ஆறு வாரம் சாப்பிட வேண்டிவரும்.

வீட்டில் காய்ச்சும்போது பால் பொங்கியதும் தீயைக் குறைத்து, அடி வரை கிளறி, மீண்டும் ஒருமுறை பொங்க விடுங்கள். ஏடு மூடியிருக்கும்போது பக்கவாட்டில் சூடேறிச் சீக்கிரம் பொங்கிவிடும், உள்ளே சூடு சமமாகப் பரவியிருக்காது. ஆறியதும் மூடிக் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். காய்ச்சிய பாலில் காலையில் மிஞ்சிய பச்சைப் பாலை ஊற்றினால் செய்த வேலை வீண்.

மாடு வளர்ப்பவருக்கு இலவசத் தடுப்பூசி

கன்று வீச்சு நோயை மாட்டிலேயே தடுக்க, தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் 2019 செப்டம்பரில் தொடங்கியது. 4 முதல் 8 மாத வயதுள்ள கிடேரிக் கன்றுகளுக்கு வாழ்நாளில் ஒரே முறை ஊசி. பசு, எருமை இரண்டுக்கும் உண்டு, கட்டணம் கிடையாது. அரசு கால்நடை மருந்தகத்தில் கேட்கலாம். கன்றின் காதில் 12 இலக்க அடையாளத் தோடு போட்டுப் பதிவு செய்வார்கள். 8 மாதத்தைத் தாண்ட விடாதீர்கள். காளைக் கன்றுக்கும் சினை மாட்டுக்கும் இந்த ஊசி போடக் கூடாது. இதில் உயிருள்ள கிருமி இருப்பதால் போடுபவர் கையுறை அணிவது அவசியம். கன்று வீசிய மாட்டின் நஞ்சுக்கொடியை வெறுங்கையால் எடுக்காமல் சுண்ணாம்பு போட்டு ஆழப் புதைக்க வேண்டும்.

பாலில் சந்தேகம் வந்தால்

தமிழ்நாட்டில் உணவுப் பாதுகாப்புத் துறையின் 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணுக்குப் புகார் அனுப்பலாம். விற்பவர் பெயர், இடம், நேரம், பாக்கெட் என்றால் தொகுதி எண் தெரியும் படம் ஆகியவை இருந்தால் விசாரணை விரைவாக நகரும். அதிகாரி மாதிரி எடுத்தால் நான்கு பங்காகப் பிரித்து முத்திரையிடுவார். பால் கெடாமலிருக்க 25 மில்லிக்கு இரண்டு துளி ஃபார்மலின் விடுவது நடைமுறை. அதனால் அந்த மாதிரியில் சத்து, கலப்படம் பார்க்கலாம். கிருமி எண்ணிக்கை பார்க்க முடியாது. அதற்கு ஃபார்மலின் இல்லாமல், குளிர்ச்சியில் தனியாக எடுக்கச் சொல்ல வேண்டும்.

நீங்களே சோதனைக்குக் கொடுக்கவும் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40வது பிரிவு உரிமை தருகிறது. வாங்கும்போதே ‘இதைப் பகுப்பாய்வுக்கு அனுப்பப் போகிறேன்’ என்று விற்பவரிடம் சொல்லியாக வேண்டும். சாட்சிக்கு ஒருவர் உடனிருந்தால் நல்லது. கட்டணம் செலுத்தி அரசு உணவுப் பகுப்பாய்வாளரிடம் கொடுத்தால் 14 நாளுக்குள் அறிக்கை உங்களுக்கு வர வேண்டும், அதன் நகல் உணவுப் பாதுகாப்புத் துறையின் மாவட்ட நியமன அலுவலருக்குப் போகும். பாலில் குறை இருப்பது அறிக்கையில் தெரிந்தால் கட்டிய பணத்தைத் திரும்பக் கேட்டுப் பெறலாம்.