பிரிட்டனில் வயதுவந்தோர் கல்வி வகுப்பு: சமத்துவச் சட்டம் உங்களுக்குத் தருவது என்ன?

லண்டனில் நான் உதவிக்குப் போகும் ஈசோல் (பிறமொழி பேசுவோருக்கான) ஆங்கில வகுப்பில் ஓர் அம்மா தாளை மூக்கோடு ஒட்டிப் பிடித்தபடி இருப்பார். வாசிக்கச் சொன்னால் தலையைக் குனிந்துகொள்வார். எழுத்தே தெரியாது என்றுதான் நாங்கள் நினைத்தோம். பல வாரம் கழித்துத்தான் தெரிந்தது: சர்க்கரை வியாதியில் விழித்திரை பழுதாகி, கண்ணாடி போட்டாலும் சின்ன எழுத்து தெரியாது. "எனக்காண்டி டீச்சருக்கு ஏன் கரைச்சல் குடுப்பான் எண்டு பேசாமல் இருந்திட்டன்" என்றார்.

அவர் கேட்கத் தயங்கியது சட்டப்படி அவருக்குச் சேர வேண்டியது. இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்தில் 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் கல்லூரிகளையும் உள்ளூராட்சி கவுன்சில் நடத்தும் வகுப்புகளையும் கட்டுப்படுத்துகிறது. வட அயர்லாந்துக்கு வேறு சட்டங்கள்.

இயலாமை உள்ள மாணவருக்கு 'நியாயமான மாற்றங்கள்' செய்து தருவது நிறுவனத்தின் கடமை. பெரிய எழுத்தில் அச்சிட்ட தாள், சைகை மொழிபெயர்ப்பாளர், தேர்வில் கூடுதல் நேரம், படியேற முடியாதவருக்காகக் கீழ்த்தளத்துக்கு மாற்றிய வகுப்பு எல்லாம் இதில் அடங்கும். அதற்கான செலவை மாணவரிடம் வாங்கக் கூடாது. யாராவது வந்து கேட்கும்வரை காத்திருக்காமல், இப்படிப்பட்டவர்கள் வருவார்கள் என்று முன்கூட்டியே யோசித்து வைக்க வேண்டும் என்கிறது சட்டம். என் பார்வையில் இதன் உயிர்நாடியே இதுதான். எல்லோருக்கும் ஒரே தாளைக் கொடுத்துவிட்டுச் சமமாக நடத்தினோம் என்று சொல்ல முடியாது.

இயலாமையோடு வயது, இனம், மதம் அல்லது நம்பிக்கை, பால், பாலீர்ப்பு, பாலின மாற்றம், கர்ப்பமும் தாய்மையும் ஆகியவற்றுக்கும் வகுப்பறையில் பாதுகாப்பு உண்டு. இனம் என்பதில் நிறமும் நாட்டுரிமையும் பிறப்பு வழியும் சேரும். உங்கள் உச்சரிப்பைச் சொல்லி ஆசிரியர் கேலி செய்து கூனிக்குறுக வைத்தால், அது இனம் சார்ந்த தொல்லையாகலாம். பிரசவமான 26 வாரத்துக்குள் பிள்ளைப்பேற்றைக் காரணம் காட்டி உங்களை வகுப்பிலிருந்து எடுத்துவிடக் கூடாது. சாதிக்கு மட்டும் இன்னும் சட்டத்தில் தனிப் பாதுகாப்பு ஏறவில்லை. அது எனக்கு ஆறாத வருத்தம்.

ஒன்றைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். பாடத்தில் என்ன இருக்கிறது என்பதை எதிர்த்து இந்தச் சட்டத்தின் கீழ் வழக்குப் போட முடியாது. இரு ஆண்கள் சேர்ந்து வாழும் குடும்பத்தைப் பற்றிய பாடம் வந்தால், அது நம் மதத்துக்கு ஒவ்வாது என்று முறையிட வழியில்லை. ஆனால் அந்தப் பாடத்தை நடத்தும் விதத்தில் யாரையும் தாழ்த்தினால் சட்டம் குறுக்கே வரும்.

பிரச்சினை என்றால் முதலில் ஆசிரியரிடம் சொல்லுங்கள். பிறகு நிறுவனத்திடம் எழுத்தில் புகார் கொடுத்து ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். வழக்கு என்று போனால் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கவுன்டி நீதிமன்றம் எனப்படும் சிவில் நீதிமன்றம். ஸ்காட்லாந்தில் ஷெரிஃப் நீதிமன்றம். சம்பவம் நடந்து 6 மாதம் முடிய ஒரு நாள் இருக்கும்போதே தாக்கல் செய்துவிட வேண்டும். கல்லூரிக்குள் விசாரணை நடக்கிறது என்பதற்காக அந்த நாள் கணக்கு நிற்காது.