மகாதமனி வீக்கம்: ‘அடுத்த வருஷம் வாங்க’ என்று டாக்டர் சொன்னால்

சிறுநீரகக் கல்லுக்காக எடுத்த அல்ட்ராசவுண்ட் ரிப்போர்ட்டின் கடைசி வரியில் ‘வயிற்று மகாதமனியில் வீக்கம், 4.2 செ.மீ.’ என்று இருக்கும். மகாதமனி என்பது இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய். ரத்தக்குழாய் அறுவை சிகிச்சை நிபுணரான என்னிடம் இந்த வீக்கத்தோடு (டாக்டர்கள் மொழியில் அனியூரிசம்) வருபவர்களில் பலர் இப்படித் தற்செயலாகத் தெரிந்துகொண்டவர்கள்தான். வலி, தொந்தரவு எதுவும் இருக்காது. ஆனால் கூகுளில் தேடிப் படித்துத் தூக்கத்தைத் தொலைத்திருப்பார்கள். “உடனே ஆபரேஷன் பண்ணிடுங்க டாக்டர்” என்பார்கள் பிள்ளைகள். ஒரு வருஷம் கழித்து ஸ்கேன் எடுத்துக்கொண்டு வாருங்கள் என்றால், தட்டிக்கழிக்கிறேன் என்று நினைப்பார்கள்.

வயிற்றுப் பகுதியில் மகாதமனியின் அகலம் சுமார் 2 செ.மீ. அது 3 செ.மீ.யைத் தொட்டால் அனியூரிசம். வெடித்தால் பிழைப்பவர்கள் குறைவு, உண்மைதான். ஆனால் சின்ன வீக்கம் வெடிக்கும் வாய்ப்பைவிட ஆபரேஷனின் ஆபத்து அதிகம். 1990களில் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் 4 முதல் 5.5 செ.மீ. வரை வீக்கம் இருந்தவர்களை இரண்டு பிரிவாக வைத்துப் பார்த்தார்கள்: ஒரு பிரிவுக்கு உடனே ஆபரேஷன், இன்னொன்றுக்கு ஸ்கேன் எடுத்துக் கண்காணிப்பு மட்டும். முன்கூட்டியே ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு ஆயுள் கூடவில்லை. அதனால்தான் ஆபரேஷனுக்கு ஆண்களுக்கு 5.5 செ.மீ., பெண்களுக்கு 5 செ.மீ. என்ற எல்லை. வேகமாக வளர்ந்தாலோ வலி வந்தாலோ இந்தக் கணக்கு பொருந்தாது.

4 செ.மீ.க்குக் கீழே இருந்தால் இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு ஸ்கேன், 4 தாண்டினால் வருஷத்துக்கு ஒன்று, 5 தாண்டினால் ஆறு மாதத்துக்கு ஒன்று என்பது பொதுவான வழக்கம். டாக்டருக்கு டாக்டர் கொஞ்சம் மாறும்.

வீண் பீதி பெரும்பாலும் அளவெடுப்பதில்தான் வருகிறது. ஒரு பெரியவருக்கு 4.3 செ.மீ. இருந்தது, ஆறே மாதத்தில் 4.7 ஆகிவிட்டது என்று குடும்பமே திரண்டு வந்தது. பழையது அல்ட்ராசவுண்ட், குழாயின் உள்சுவரிலிருந்து உள்சுவர் வரை அளந்தது. புதியது சிடி ஸ்கேன், வெளிச்சுவரிலிருந்து வெளிச்சுவர் வரை. இரண்டு படங்களையும் வாங்கி ஒரே முறையில் அளந்தபோது வளர்ச்சி என்று சொல்ல எதுவும் இல்லை. முடிந்தவரை ஒரே இடத்தில், ஒரே வகை ஸ்கேன் எடுங்கள். பழைய ஃபிலிமையும், ஸ்கேன் படங்கள் பதிந்து தரும் வட்டையும் தூக்கிப் போடாதீர்கள். ரிப்போர்ட் பேப்பர் மட்டும் போதாது.

ஒரு ஸ்கேனுக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளியில் செய்ய வேண்டிய முதல் வேலை பீடி, சிகரெட்டை விடுவது. புகை வீக்கத்தைச் சீக்கிரம் வளர்க்கும். பின்னால் மயக்க மருந்து கொடுக்கும்போது நுரையீரலும் ஒத்துழைக்காது. “பாதியா குறைச்சுட்டேன்” என்பது என்னிடம் செல்லாது. பிரஷர், கொழுப்பு மாத்திரைகளை விடாமல் சாப்பிடுங்கள். தினமும் நடங்கள், மூச்சைப் பிடித்து பாரம் தூக்காதீர்கள். இன்னொன்று: நீர்க்கடுப்புக்கு மெடிக்கல் ஷாப்பில் நாமே கேட்டு வாங்கும் சிப்ரோஃப்ளாக்சசின் வகை மாத்திரைகள் மகாதமனி வீக்கம் உள்ளவர்களுக்கு ஆபத்தாகலாம் என்று அமெரிக்க மருந்துத் துறை 2018-இல் எச்சரித்தது. எந்த டாக்டரிடம் போனாலும் வீக்கம் இருப்பதை முதலில் சொல்லுங்கள்.

ஆபரேஷன் தேவைப்பட்டால் வழி இரண்டு. வயிற்றைத் திறந்து செயற்கைக் குழாய் வைத்துத் தைப்பது ஒன்று. தொடை இடுக்கு வழியாக ஸ்டென்ட் கிராஃப்ட் (கம்பி வலை பொருத்திய செயற்கைக் குழாய்) செலுத்துவது மற்றொன்று. இதை 1990-இல் பியூனஸ் அயர்ஸில் ஹுவான் பரோடி தொடங்கிவைத்தார். இதில் சீக்கிரம் வீடு திரும்பலாம், ஆனால் ஓரமாக ரத்தம் கசிகிறதா என்று ஆயுள் முழுக்க ஸ்கேன் பார்க்க வேண்டும். சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தக்குழாய்களுக்குக் கீழே கிராஃப்ட் பிடித்துக்கொள்ள நல்ல இடம் இல்லாதவர்களுக்கு வழக்கமான ஸ்டென்ட் கிராஃப்ட் சரிவராது. கிராஃப்ட் விலை அதிகம்; காப்பீடு எவ்வளவு தரும் என்று முன்பே விசாரித்துவிடுங்கள்.

ஆபரேஷனுக்கு முன் இதயத்துக்கு எக்கோ, நுரையீரல் பரிசோதனை, சிறுநீரகத்துக்கு கிரியாட்டினின், ரத்தக்குழாய்களைக் காட்டும் சிடி ஆஞ்சியோ எல்லாம் பார்ப்போம். ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரைகளை எப்போது நிறுத்துவது என்பதை நாங்கள் சொல்வோம், நீங்களாக நிறுத்த வேண்டாம். லேகியம், சூரணம் சாப்பிட்டால் அதையும் மறைக்காதீர்கள்.

திடீரென்று வயிற்றிலோ முதுகிலோ கடும் வலி, வியர்வை, மயக்கம் வந்தால் வாயு என்று சோடா குடித்துக் காத்திருக்க வேண்டாம். இரவிலும் ரத்தக்குழாய் ஆபரேஷன் செய்யும் மருத்துவமனை எது என்று இப்போதே தெரிந்துவையுங்கள். கேஷுவாலிட்டியில் சொல்லும் முதல் வார்த்தை ‘அனியூரிசம்’ ஆக இருக்கட்டும். கடைசி ரிப்போர்ட்டின் படம் வீட்டில் எல்லார் போனிலும் இருக்கட்டும்.

அப்புறம், இது குடும்பத்தில் தொடரக்கூடியது. ஃபைலைத் தூக்கிக்கொண்டு கூட வரும் தம்பிக்கு வயது அறுபதைத் தாண்டியிருந்தால் அவருக்கும் ஒரு அல்ட்ராசவுண்ட் எழுதித் தருகிறேன். சட்டைப் பையில் பீடிக்கட்டு தெரிந்தால் அன்றைக்கே அந்த ஸ்கேனை எடுத்துவிட்டுப் போகச் சொல்கிறேன்.